கயிறு மேலே எதில் கட்டியிருக்கிறது?

14 மாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளர் எழுதியிருக்கிறார். கட்டடத்துக்கு வயது 18. மழை பெய்தால் மேற்குப் பக்கச் சுவரில் ஓதம் ஏறுகிறது. 6, 7, 9 ஆகிய மாடிகளில் படுக்கையறைச் சுவர்கள் உப்புப் பூத்துக் கிடக்கின்றன. இரண்டு மாதங்களுக்கு முன் 11-வது மாடி உயரத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து, குழந்தைகள் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் விழுந்திருக்கிறது. அப்போது அங்கே யாரும் இல்லை.

மூன்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறார்கள். முழுக் கட்டடத்துக்கும் சாரம் கட்டிச் செய்வது ஒன்று. செலவு மிக அதிகம், நான்கு மாதம் ஆகும். பயிற்சி பெற்ற ஆட்கள் இரட்டைக் கயிற்றில் இறங்கிச் செய்யும் ரோப் ஆக்சஸ் நிறுவனம் இரண்டாவது. சாரத்தின் செலவில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மூன்றாமவர், பத்து வருடமாக இந்தக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்து வரும் கான்ட்ராக்டர். தொங்கு பலகையில் ஆட்களை இறக்கி, இரண்டாவது கொட்டேஷனில் மூன்றில் ஒரு பங்குக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். டைல்ஸ் கறைகளை ஆசிட் போட்டு இலவசமாகக் கழுவித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். "இரண்டுமே கயிறுதானே, எதற்கு மூன்று மடங்கு?" என்று கமிட்டியில் பலர் கேட்கிறார்கள். விபத்து நடந்தால் சங்கம் பொறுப்பல்ல என்று தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்க ஒரு தாளும் தயாராக இருக்கிறது.

கடிதத்தின் கடைசிப் பகுதியை அவர் வார்த்தைகளிலேயே தருகிறேன்: "போன தடவை பெயின்ட் அடித்தபோது, என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு தம்பி குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுக்கும்போதுதான் கவனித்தேன். உட்கார்ந்திருந்த பலகை ஒரே கயிற்றில் தொங்குகிறது, இடுப்பில் எதுவுமே இல்லை. அன்றிலிருந்து மனசு சரியில்லை. நான் தேவையில்லாமல் பயப்படுகிறேன் என்கிறார்கள். அப்படியா? அந்தக் கான்ட்ராக்டரை விலக்கினால் அவர் பிழைப்பில் மண் போட்டதாகுமோ என்றும் இருக்கிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

கொட்டேஷன்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு வேலை. அந்த சைக்கிள் நிறுத்துமிடத்தை இன்றே வேறு பக்கம் மாற்றுங்கள். மேற்குச் சுவரின் நீளத்துக்கும், சில மீட்டர் தள்ளியே தடுப்புக் கட்டுங்கள். ஒரு துண்டு காரை விழுந்த சுவரில் அடுத்த துண்டும் ஏற்கெனவே பிடி விட்டிருக்க வாய்ப்பு அதிகம். 11-வது மாடியிலிருந்து விழும் ஒரு கைப்பிடி சிமென்ட் உயிரைப் பறிக்கப் போதும். கமிட்டி கூடி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

இப்போது உங்கள் கேள்வி. நீங்கள் தேவையில்லாமல் பயப்படவில்லை. நான் பல வருடம் கயிற்றில் தொங்கி வேலை செய்தவன், இப்போது கட்டடப் பராமரிப்புப் பொறியாளராக இந்த வேலைகளை மேற்பார்வை செய்கிறேன். ஜன்னல் வழியாக நீங்கள் பார்த்ததை நான் பார்த்திருந்தால் அந்த நிமிடமே வேலையை நிறுத்தியிருப்பேன். மூன்றாவது கொட்டேஷனை எந்த விலைக்கும் ஏற்காதீர்கள். ஏன் என்பதைக் கமிட்டியிடம் நீங்கள் விளக்கும்படி சொல்கிறேன்.

"இரண்டுமே கயிறுதானே?"

குகைகளில் இறங்குபவர்களும் மலையேறுபவர்களும் உருவாக்கிய கயிற்று முறையைத்தான் 1980-களில் தொழில் வேலைகளுக்கு ஏற்றபடி மாற்றி எடுத்துக்கொண்டார்கள். அப்படி மாற்றும்போது செய்த மிகப் பெரிய காரியம், இரண்டாவது கயிற்றைக் கட்டாயமாக்கியது. ஒரு கயிறு ஆளைத் தாங்கும், ஏற இறங்க உதவும். இன்னொன்று எடை ஏறாமல் பக்கத்திலேயே தொங்கும். உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸோடு இணைந்த ஒரு சிறு கருவி அந்த இரண்டாவது கயிற்றில் ஆளோடு கூடவே நகர்ந்து வரும். முதல் கயிற்றில் ஏதாவது ஆனால் சட்டென்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கயிறும் மேலே தனித்தனி இடங்களில் கட்டப்பட்டிருக்கும். எந்த ஒரு பொருள் பழுதானாலும், எந்த ஒரு தவறு நடந்தாலும் ஆள் கீழே விழக்கூடாது என்பதுதான் இதன் கணக்கு. ஐஎஸ்ஓ 22846 என்ற சர்வதேசத் தரமும் இந்த இரட்டைக் கயிறு முறையைத்தான் சொல்கிறது.

பலகையில் உட்காரும் அந்தத் தம்பியின் நிலையை எண்ணிப் பாருங்கள். மேலே கட்டிய இடம் பெயர்ந்தால் போச்சு. முடிச்சு நழுவினால் போச்சு. விளிம்பில் கயிறு அறுந்தால், பலகை சாய்ந்தால், அவருக்கே தலை சுற்றினால், எல்லாவற்றுக்கும் ஒரே முடிவுதான். விலை வித்தியாசம் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

"எங்கள் கயிறு நல்ல தடிமன்" என்பார் கான்ட்ராக்டர். தடிமனில் விஷயம் இல்லை. இந்த வேலைக்கென்றே செய்யும் கயிறு சுமார் 11 மில்லிமீட்டர்தான் இருக்கும். உள்ளே சுமை தாங்கும் இழைகள், வெளியே அவற்றைக் காக்கும் உறை. ஐரோப்பியத் தரப்படி அது 22 கிலோநியூட்டன், அதாவது இரண்டு டன்னுக்கும் அதிகமான எடையைத் தாங்க வேண்டும். நல்ல கயிறு ஆள் எடையால் அறுவதில்லை, உராய்வால் அறும். ஒரு டைல்ஸ் விளிம்பில், ஆள் இடமும் வலமுமாக நகர்ந்து பெயின்ட் அடித்த அரை நாளில், கயிற்றின் உறை பிய்ந்து உள்ளிழை வெளியே தெரிந்ததை நானே கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அன்று இரண்டாவது கயிறு இருந்தது. விளிம்புகளில் உறையோ உருளையோ வைத்துக் கயிற்றைக் காப்பதை ஒரு குழு எவ்வளவு அக்கறையாகச் செய்கிறது என்பதை வைத்தே அவர்களைப் பாதி எடைபோட்டுவிடலாம்.

அப்புறம் அந்த ஆசிட். நைலான் கயிற்றுக்கு ஆசிட் பெரிய எதிரி. தெளித்த இடத்தில் வெளியே ஒன்றும் தெரியாமல்கூட உள்ளே இழை பலமிழந்திருக்கலாம். நைலான் கயிற்றில் ஆளைத் தொங்கவிட்டு, அவர் கையில் ஆசிட் வாளியைக் கொடுப்பதாகச் சொல்லும் ஒருவருக்குத் தன் கயிற்றைப் பற்றியே தெரியவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். டைல்ஸ் இணைப்புகளில் உள்ள சிமென்டையும் அது அரித்துவிடும். பிறகு மழைத் தண்ணீர் உள்ளே போக இன்னும் வழி கிடைக்கும். இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள்

கயிற்றில் தொங்குபவரின் உயிர் மேலே மொட்டை மாடியில் இருக்கிறது. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவர்கள் யாரும் அந்த இடத்தைப் பார்ப்பதில்லை. போன தடவை கயிற்றை எதில் கட்டினார்கள் என்று உங்கள் வாட்ச்மேனைக் கேளுங்கள். தண்ணீர்க் குழாய், டிஷ் ஆன்டெனா ஸ்டாண்டு, ஏசி வெளிப்பெட்டியின் இரும்புச் சட்டம், செங்கல் கைப்பிடிச் சுவரில் அடித்த கம்பி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். இவற்றில் எதுவும் ஆளைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டதில்லை. கைப்பிடிச் சுவர் உங்கள் கைக்கு மலைபோல உறுதியாகத் தெரியும். ஆனால் ஒருவர் சாய்ந்து நின்றால் தாங்குவதற்கான சுவர் அது. வெளிப்பக்கமாகத் திடீரென்று இழுக்கும் விசைக்கானது இல்லை.

எவ்வளவு விசை? கருவிகளோடு ஓர் ஆளின் எடை 100 கிலோ என்று வைத்தால், சும்மா தொங்கும்போது ஏறக்குறைய 1 கிலோநியூட்டன். விழுபவரைக் கயிறு பிடித்து நிறுத்தும் நொடியில் உடம்பின் மேல் வரும் விசையை 6 கிலோநியூட்டனுக்குள் அடக்க வேண்டும் என்பது விதி. அதை இரண்டரையால் பெருக்கி, ஓர் ஆங்கர், அதாவது மேலே கயிற்றைக் கட்டும் பிடிமானம், 15 கிலோநியூட்டனாவது தாங்க வேண்டும் என்று இத்தொழிலில் வைத்திருக்கிறார்கள். சுமார் ஒன்றரை டன். இப்போது அந்தத் தண்ணீர்க் குழாயை மறுபடி நினைத்துப் பாருங்கள்.

கான்கிரீட் தூண், பீம், அதற்கென்று பொருத்திச் சோதித்த ஆங்கர் போல்ட், கணக்குப் போட்டு வைத்த எடைப்பாளம் இவைதான் சரியான இடங்கள். உங்கள் கட்டடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. காரை பெயர்ந்திருக்கிறது என்றால் சில இடங்களில் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம். மேல் தளத்துக் கான்கிரீட் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே ஆங்கரை எங்கே போடுவது என்று தீர்மானிக்க வேண்டும். இதை இரண்டாவது நிறுவனத்திடமும் கேளுங்கள். "நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்ற பதில் போதாது.

கயிறு கட்டியிருக்கும் நாட்களில் மொட்டை மாடி பூட்டியிருக்க வேண்டும், அல்லது குழுவின் ஆள் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். துணி காயப்போட வந்தவர், 'இது யார் கட்டின கயிறு?' என்று அவிழ்த்துவிட ஒரு நிமிடம் போதும்.

தொங்குபவருக்கு மயக்கம் வந்தால்?

கமிட்டியில் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஹார்னஸில் அசையாமல் தொங்குபவருக்குக் கால்களில் ரத்தம் தேங்கும். மயக்கம் வரலாம், நிமிடக் கணக்கில் உயிருக்கே ஆபத்தாகலாம். வெயில், நீர்ச்சத்துக் குறைவு, தலையில் ஓர் அடி, எதனாலும் ஒருவர் செயலிழக்கக்கூடும். தீயணைப்புத் துறையைக் கூப்பிடலாம் என்று நினைப்பீர்கள். கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் வந்து, வண்டியை நிறுத்தி, 11-வது மாடியை எட்டும் வரை அவர் அப்படியே தொங்க முடியாது. அதனால் கயிற்றுக் குழு தன் ஆளைத் தானே மீட்கத் தெரிந்ததாக, அதற்கான கருவிகளை மேலே தயாராக வைத்ததாக இருக்க வேண்டும். தனியாக ஒருவரை மட்டும் இறக்கி வேலை வாங்குவது எந்த நிலையிலும் கூடாது.

மீட்டவரை உடனே படுக்க வைக்கக் கூடாது, அரை மணி நேரம் உட்கார்த்தி வைக்க வேண்டும் என்று ஒரு பழைய நம்பிக்கை இந்தத் தொழிலில் சுற்றி வருகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. வழக்கமான முதலுதவிதான், மூச்சு, நாடி பார்த்து, உடனே ஆம்புலன்ஸ்.

சாரம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா?

கடிதத்தில் ஓரிடத்தில், "பணம் இருந்தால் சாரம்தான் பாதுகாப்பு, இல்லாததால்தான் கயிறு" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. 14 மாடிக்குச் சாரம் கட்டுவதும் பிரிப்பதுமே உயரத்தில் பல நாள் செய்யும் ஆபத்தான வேலை. சரியாகக் கட்டாத சாரம் மொத்தமாகச் சரியும். மாதக்கணக்கில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெளியே ஏணி வைத்தது போல அது நிற்கும். திருட்டுப் பயமும் உண்டு. இன்னொரு பக்கம், சுவர் முழுவதும் காரையைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டுமென்றால் கயிறு அதற்குத் தோதுப்படாது. மூட்டை மூட்டையாகக் கலவை, ஒரே இடத்தில் நாள் முழுக்க நிற்கும் வேலை, கொட்டும் இடிபாடு, இவற்றுக்குச் சாரமோ மோட்டாரில் ஏறி இறங்கும் கோண்டோலா மேடையோதான் சரி. விரிசல் அடைப்பது, இடுக்குகளை அடைக்கும் சீலன்ட் பூச்சை மாற்றுவது, அங்கங்கே பெயர்ந்த காரையைச் சரிசெய்வது, பெயின்ட், சோதனை, இந்த மாதிரி வேலைகளில் ரோப் ஆக்சஸ் வேகமானது. முறையாகச் செய்தால் பாதுகாப்பானதும்கூட.

உங்கள் கட்டடத்துக்கு எது வேண்டும்? இன்னும் யாருக்கும் தெரியாது. மூன்று கொட்டேஷனும் வந்துவிட்டன, ஆனால் நோய் என்னவென்று யாரும் பார்க்கவில்லை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். 6-வது மாடியில் ஓதம் தெரிகிறது என்பதால் தண்ணீர் அங்கேதான் நுழைகிறது என்று அர்த்தம் இல்லை. 10-வது மாடி ஜன்னல் சட்டத்தின் ஓரம் சீலன்ட் காய்ந்து பிளந்திருக்கலாம்; குழாய் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் வழி இருக்கலாம். தண்ணீர் உள்ளேயே இறங்கி, வெளியே வர வசதியான இடத்தில் வரும். காரை பெயர்ந்தது வேறு கதையாகவும் இருக்கலாம். ஈரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தால், துரு பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்கத்தில் கான்கிரீட் வெடிக்கும். அதன் மேல் எவ்வளவு உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் உள்ளே துரு தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டே இருக்கும்.

ஆகவே என் யோசனை: ரோப் ஆக்சஸ் குழுவை முதலில் சோதனைக்கு மட்டும் அமர்த்துங்கள். சில நாள் வேலைதான். மேற்குச் சுவரை வரிசை வரிசையாக இறங்கி, சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, உள்ளே கூடாக ஒலிக்கும் இடங்களைக் குறித்து, விரிசல்களைப் படமெடுத்து, விழும் நிலையில் உள்ளதை அப்போதே பத்திரமாகப் பெயர்த்து எடுத்துவிடட்டும். அந்த வரைபடத்தை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துப் பழுதுநீக்க முறையை எழுதித் தரட்டும். அதற்குப் பிறகு கொட்டேஷன் வாங்குங்கள். பழுது திட்டுத் திட்டாக இருந்தால் கயிறு போதும். ஒரு பக்கம் முழுக்கக் கெட்டிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் சாரமோ கோண்டோலாவோ வைக்கலாம்.

நிறுவனத்திடம் என்ன கேட்பது

இரண்டாவது நிறுவனத்தைப் பார்த்த உடனே நம்பிவிட வேண்டாம். கலர் ஹெல்மெட்டும் சீருடையும் யாரும் வாங்கலாம். இவற்றை எழுத்தில் கேளுங்கள்.

யார் இறங்குவார்கள், சான்றிதழ் எண் என்ன? உலகளவில் அதிகம் அறியப்பட்டது, ஐராட்டா (IRATA) என்ற சர்வதேச ரோப் ஆக்சஸ் சங்கத்தின் முறை. அதில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையில் இருப்பவர் மேற்பார்வையில் மட்டுமே வேலை செய்யலாம். அடுத்த நிலைக்குப் போகக் குறைந்தது ஒரு வருடமும் 1000 மணி நேரக் கயிற்று வேலையும் வேண்டும். மூன்றாம் நிலையில் இருப்பவர்தான் பொறுப்பாளர், மீட்பும் அவர் பொறுப்பு. சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம். மூன்றாம் நிலை ஆள் வேலை நேரம் முழுவதும் உங்கள் கட்டடத்தில் இருப்பாரா என்று தெளிவாகக் கேளுங்கள். சிலர் காகிதத்தில் மட்டும் இருப்பார்கள்.

மீட்புத் திட்டம் உங்கள் கட்டடத்துக்கென்று எழுதியதா? ஆங்கர் இடங்கள் குறித்த வரைபடம் உண்டா? கயிறு, ஹார்னஸ் ஆகியவற்றின் சோதனைப் பதிவேட்டைக் காட்டுவார்களா? காற்று, மழை, இடி வந்தால் நிறுத்தும் முடிவை யார் எடுப்பார்?

அப்புறம், கயிற்றில் தொங்கத் தெரிவதும் கான்கிரீட் பழுதுபார்க்கத் தெரிவதும் வேறு வேறு திறமைகள். சான்றிதழ் முதலாவதை மட்டும்தான் சொல்கிறது. துருவைச் சுரண்டாமல் கலவையை அப்பிவிட்டுப் போனால் கீழிருந்து உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு இடத்துக்கும் கொத்தும் முன், கம்பி சுத்தம் செய்த பின், பூசிய பின் என மூன்று படம் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

அந்தக் கையெழுத்துத் தாள்

கிழித்துப் போடுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் கட்டாயம் கேளுங்கள். ஆனால் பெரும்பாலான இடங்களில், ஆபத்து என்று தெரிந்தே ஆளை அமர்த்தியவர் ஒரு தாளைக் காட்டித் தப்பிக்க முடியாது. சொல்லப்போனால், 'ஆபத்து இருப்பது எங்களுக்கு முன்பே தெரியும்' என்பதற்கு அந்தத் தாளே சாட்சியாகிவிடும். இதற்குப் பதிலாக, நிறுவனத்தின் தொழிலாளர் காப்பீடும் மூன்றாம் நபர் காப்பீடும் நடப்பில் உள்ளதா, உயரத்தில் செய்யும் வேலையும் கயிற்று வேலையும் அதில் விலக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சங்கத்தின் சொந்தக் காப்பீட்டிலும் அதே வரியைத் தேடுங்கள்.

குடியிருப்பவர்களுக்கும் வேலை உண்டு. எந்தப் பக்கம் எந்த நாள் இறங்குகிறார்கள் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அன்று அந்தப் பக்க ஜன்னல் கதவுகளை வெளிப்பக்கம் திறக்கக் கூடாது, பூந்தொட்டிகளை உள்ளே எடுக்க வேண்டும், கயிற்றை யாரும் தொடக் கூடாது. தடுப்புக்குள் வண்டியை எடுக்க 'ஒரு நிமிஷம்' என்று நுழைபவரை நிறுத்த ஓர் ஆள் வேண்டும்.

அந்தக் கான்ட்ராக்டரைப் பற்றி

பத்து வருடம் உங்கள் கட்டடத்துக்கு வேலை செய்தவரின் பிழைப்பைப் பற்றி நீங்கள் யோசிப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவரை விலக்க வேண்டியதில்லை, பலகையை மட்டும் விலக்குங்கள். மாடிப்படி, நடைபாதை, வீடுகளின் உட்சுவர், நகரும் சாரம் எட்டும் கீழ்த்தள வெளிப்புறம் ஆகிய வேலைகளை அவரிடமே கொடுக்கலாம். ஓதம் ஏறிய அந்த படுக்கையறைகளுக்கு, வெளியே கசிவு நின்று சுவர் காய்ந்த பிறகு, எப்படியும் ஒரு கை தேவைப்படும்.

அவருடைய ஆட்களில் இளையவர்கள் இருந்தால், உங்களிடம் தண்ணீர் கேட்ட தம்பி இன்னும் அங்கே இருந்தால், முதல் நிலைப் பயிற்சியைப் பற்றி அவர்களிடம் சொல்லுங்கள். நான்கு நாள் பயிற்சி, ஐந்தாம் நாள் தேர்வு. உயரம் பழகிய, பெயின்டும் பூச்சும் தெரிந்த ஆட்களுக்கு நல்ல ரோப் ஆக்சஸ் நிறுவனங்களில் தேவை இருக்கிறது. இரண்டாவது நிறுவனத்தோடு பேசும்போது, அவர்களில் ஒருவரைப் பயிற்சி கொடுத்து இந்த வேலையிலேயே சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்; அப்போதுதான் காது கொடுத்துக் கேட்பார்கள்.